மூன்றாவது ஆள் இன்னும் வரவில்லை

பத்து நாற்பத்தி ஒன்பது. கொஞ்ச நேரம் முன்னால் பார்த்தபோதும் பத்து நாற்பத்தி ஒன்பதுதான். கடிகாரம் நின்று தொலைந்ததா என்று இளவரசி மணிக்கட்டைத் தட்டிப் பார்த்தாள். நிற்கவில்லை. விநாடிகள் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தன, ஓட வேண்டிய ஆளைத்தான் காணோம். நுமாஸு மீன் துறைமுகத்தில் வண்டிகள் நிறுத்தும் மைதானம். பிப்ரவரி மாதத்து மேற்குக் காற்று கடலிலிருந்து நேராக வந்து முகத்தில் அறைந்துகொண்டிருந்தது. எகிடென் என்பது தனியாள் ஓட்டம் கிடையாது. ஒரு பேட்டைக்கு நாலு பேர், ஒருவர் ஓடி முடிக்கிற இடத்தில் அடுத்தவர் காத்திருப்பார், கையில் கொடுத்து வாங்க ஒரு துணிப்பட்டி. தாசுகி என்று அதற்குப் பெயர், தோளிலிருந்து இடுப்புக்குக் குறுக்காகப் பூணூல் மாதிரி போட்டுக்கொள்ள வேண்டும். அவள் பேட்டையின் தாசுகி ஆரஞ்சு நிறம். முதல் ஆள் ஓடியாயிற்று. இரண்டாவதாக ஓடிய நிஷிஓ-சான் பதினாலாவது இடத்தில் வந்து பத்து முப்பத்தொன்றுக்கு மூன்றாவது ஆளிடம் கொடுத்துவிட்டதாகப் போனில் செய்தியும் அனுப்பியாயிற்று, கூடவே கைதட்டும் பொம்மை ஒன்று. மூன்றாவது ஆள் ஆற்றங்கரையோடு மூன்றரை கிலோமீட்டர் ஓடி இந்த மைதானத்துக்கு வந்து சேர வேண்டும். நாலாவதாக, கடைசியாக, இளவரசி ஓட வேண்டும். அந்த மூன்றாவது ஆள் வேறு யாருமில்லை, பதினாறு வருடத்துக்கு முன்னால் விருத்தாசலத்தில் அவள் கழுத்தில் தாலி கட்டிய தணிகைவேலு. பதினெட்டே நிமிஷம், பாத்துக்கிட்டே இரு, வந்து நிப்பேன் என்று நேற்று சாப்பிடும்போது ரசத்தைக் கையில் ஊற்றி உறிஞ்சியபடி சொன்னான். பதினெட்டு நிமிஷம் இதோ முடிந்துவிட்டது.

பதினெட்டு நிமிஷத்தில் வருவான் என்று அவள் நம்பவில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். இருபத்தி நாலு என்றுதான் மனசுக்குள் போட்டு வைத்திருந்தாள். இருபத்தி நாலு என்றால் பத்து ஐம்பத்தி ஐந்து. பதினோரு மணிக்கு முன்னால் வந்துவிட்டால் போதும். பதினோரு மணி அடித்தால் துப்பாக்கி வெடிக்கும், அதுவரை தாசுகி வந்து சேராதவர்கள் எல்லோரையும் வரிசையாக நிறுத்தி, ஆளுக்கொரு மஞ்சள் பட்டியை மாட்டி, போங்கள் என்று அனுப்பிவிடுவார்கள். சாலையை எத்தனை நேரம்தான் மூடி வைப்பார்கள், பாவம், பேருந்து போக வேண்டாமா. மஞ்சள் போட்டு ஓடினாலும் ஓடுகிறவரின் நேரம் கணக்கில் சேரும், அணியின் நேரமும் எப்படியோ கூட்டிக் கழித்துச் சேரும், ஆனால் பேட்டையின் தாசுகி பாதியில் அறுந்துபோனதாக அர்த்தம். ஊரில் மஞ்சள் என்றால் எல்லா நல்ல காரியத்துக்கும் முதலில் வைப்பது. இங்கே அது உன் ஆள் வந்து சேரவில்லை என்று ஊருக்கே சொல்கிற நிறம். இருபத்தாறு வருடமாக அந்த ஆரஞ்சுத் துணி ஒரு தடவைகூட நடுவழியில் நின்றதில்லையாம். பேட்டைத் தலைவர் கமியா-சான் போன வாரம் அதைச் சொல்லிவிட்டு உடனே, அதெல்லாம் பெரிய விஷயமில்லை, மகிழ்ச்சியாக ஓடுங்கள் என்றார். பெரிய விஷயமில்லை என்று இந்த ஊரில் ஒருவர் சொன்னால் அதைவிடப் பெரிய விஷயம் கிடையாது. இது ஆறு வருடத்தில் அவளுக்குத் தெரிந்துவிட்டது. அவனுக்கு இன்னும் தெரியவில்லை.

தெரிந்திருந்தால் அன்றைக்கு வாசலில் நின்று ஆமாம் ஆமாம் என்று தலையாட்டியிருப்பானா. கமியா-சான் ஒரு பை நிறைய ஆரஞ்சுப் பழத்தோடு வந்து நின்று, மூன்று தடவை குனிந்து, பேட்டையில் இளைஞர்கள் குறைந்துவிட்டார்கள் என்று பெருமூச்சு விட்டார். அவர் கேட்டது இளவரசியைத்தான். தினம் காலையில் கடல் சுவர் மேல் அவள் ஓடுவதைப் பார்த்திருக்கிறார். சரி என்று அவள் சொல்வதற்குள் பின்னாலிருந்து இந்த மனுஷன், நானும் வரேன், மூணாவது ஆள் நான் என்று ஒரு குரல். ஓடுவீர்களா என்று கமியா-சான் கேட்டதற்கு, காலேஜில் ஓடியிருக்கிறேன் என்றான். எந்தக் காலேஜில், எந்த வருடம். பஸ்ஸைப் பிடிக்க ஓடியதைச் சொல்லியிருப்பான். யாராவது எதையாவது கேட்டுவிட்டால் இல்லை என்று சொல்ல வாய் வராத ஒரு ஜென்மம். சொல்லிவிட்டு அன்றைக்கே ஒரு ஜோடி ஷூ, நெற்றியில் கட்ட ஒரு பட்டை, போனில் ஓட்டத்தைக் கணக்கெடுக்கிற ஏதோ ஒன்று. நாலு நாள் ஓடினான். ஐந்தாம் நாள் முழங்கால். ஆறாம் நாள் மழை. அதற்கப்புறம் ஆபீஸில் லிஃப்டில் ஏறாமல் படியில் ஏறுகிறேன், அதுவும் பயிற்சிதான் என்று ஒரு விளக்கம். அவன் வேலை பார்க்கிற பம்பு கம்பெனி மொத்தமே இரண்டு மாடி. மகள் ஓவியாகூடச் சொன்னாள், அம்மா, அப்பா நடந்துதான் வருவாரு, நீ ஒரு நாற்காலி எடுத்துட்டுப் போ என்று. பதின்மூன்று வயதுக் குழந்தைக்குத் தெரிகிறது.

சன்ஜூ... என்று ஒலிபெருக்கி இழுத்தது. இளவரசிக்கு உடம்பு தூக்கிப்போட்டது. சன்ஜூ என்றால் முப்பது, அவள் அணி முப்பத்தி நாலு, மேலே சாலை வளைவில் ஒருவர் நின்று வருகிறவரின் எண்ணைப் பார்த்துச் சொல்ல இங்கே மஞ்சள் சட்டைக்காரர் ஒருவர் அதை ஒலிபெருக்கியில் கூவுவார், கூவப்பட்டவர் மேல்கோட்டைக் கழற்றிக் கொடுத்துவிட்டுத் தரையில் போட்ட கோட்டில் போய் நிற்க வேண்டும். இந்த மனிதர் முப்பதைச் சொல்லிவிட்டு மூச்சு வாங்கி அப்புறம்தான் மிச்சத்தைச் சொல்கிறார். கோட்டின் ஜிப்பைப் பாதி இறக்கினாள். ரொகு என்றார். முப்பத்தி ஆறு. ஜிப்பை ஏற்றினாள். இது நாலாவது தடவை. முப்பத்தி ஒன்று, முப்பத்தி எட்டு, முப்பது, இப்போது முப்பத்தி ஆறு. ஒவ்வொரு தடவையும் நெஞ்சு ஒரு பாய்ச்சல் பாய்ந்து சும்மா திரும்பி வந்து உட்கார்ந்தது, ஓடுவதற்கு முன்னாலேயே ஒரு கிலோமீட்டர் ஓடினது மாதிரி ஆகிவிட்டது. முப்பத்தி ஆறாம் எண்காரி சின்னப் பெண், கன்னம் சிவக்க ஓடி வந்த யாரோ ஒரு மாமாவிடமிருந்து பச்சைத் தாசுகியைப் பிடுங்கிக்கொண்டு பாய்ந்தாள். மாமா திரும்பி நின்று, தான் ஓடி வந்த சாலைக்கு ஒரு கும்பிடு போட்டார். இங்கே ஓடி முடித்தால் சாலைக்கு நன்றி சொல்ல வேண்டும். சொல்லட்டும், நல்ல பழக்கம்தான். முதலில் சாலை என்று ஒன்று இருக்கிற பக்கம் இந்த மனுஷன் தலையைக் காட்டட்டும். ஒன்றுக்கு வேறு வந்தது. காலையிலிருந்து இரண்டு தடவை போயாயிற்று, இது குளிருக்கு வருவது, பயத்துக்கு வருவது. அந்தப் பக்கம் நீல நிறத் தற்காலிகக் கழிப்பறைகள், முன்னால் ஏழு பேர் வரிசை. போனால் அந்த நேரம் பார்த்துத்தான் வருவான். இத்தனை வருடத்தில் அவள் எதிர்பார்த்து நின்ற நேரத்தில் வந்ததில்லை, அவள் அந்தப் பக்கம் திரும்பிய நேரத்தில் வந்து, எங்க போய்ட்ட என்று கேட்காமல் இருந்ததுமில்லை. அடக்கிக்கொண்டு நின்றாள். பத்து ஐம்பத்தி மூன்று.

எட்டு மாதம். ஜூனில் மழைக்காலத்தில் ஆரம்பித்தது. எதற்கு ஓடுகிறோம் என்று யாராவது கேட்டால் உடம்புக்கு நல்லது என்று சொல்லி வைத்திருந்தாள், அது பொய். நகராட்சி மாதப் பத்திரிகையில் எகிடென் முடிந்ததும் ஒரு பக்கம் போடுவார்கள், ஒவ்வொரு பகுதியிலும் வேகமாக ஓடிய முதல் பத்துப் பெண்களின் பெயர், நேரம். போன வருடம் குப்பை போடப் போனபோது கட்டிப் போட்ட பழைய பத்திரிகைக் கட்டின் மேல் அந்தப் பக்கத்தைப் பார்த்தாள். கடைசிப் பகுதியில் பத்தாவது பெயருக்கு நேராக இருபத்தைந்து நிமிடம் பதினோரு விநாடி என்று இருந்தது, ஐந்து கிலோமீட்டர் சொச்சத்துக்கு. அங்கேயே நின்று மனசுக்குள் கணக்குப் போட்டாள். ஆறு வருடமாக இந்த ஊரில் எந்தக் காகிதத்தை எடுத்தாலும் அவள் இன்னாரின் மனைவி, இன்னாரின் அம்மா. விசா அட்டையிலும் குடும்பத்தோடு தங்க வந்தவள் என்றுதான் அச்சடித்திருக்கிறது. விருத்தாசலத்தில் ஒன்பது வருடம் வேதியியல் சொல்லிக்கொடுத்தவள், ப்ளஸ் டூவில் ஒரு பிள்ளைகூடப் பெயிலானதில்லை, அதை எந்த அட்டையில் எழுதுவது. பத்தாவது இடத்தில் ஒரு வரி. அவள் பெயர், அவள் நேரம், யாருடைய மனைவி என்று எழுத அங்கே இடமே கிடையாது. அவ்வளவுதான் வேண்டியிருந்தது. அதற்காகத்தான் செவ்வாய்க்கிழமை தோறும் கடல் சுவர் மேல் நானூறு மீட்டரை எட்டுத் தடவை, மூச்சு தொண்டையில் அறுக்க. வெள்ளிக்கிழமை கனுகி மலைப்படிகளில் ஏறி இறங்கி. ஞாயிறு பைன் மரங்களுக்கு நடுவே பதினாறு கிலோமீட்டர், கருவாடு காயப்போடும் தட்டிகளைத் தாண்டி, பக்கத்தில் நிஷிஓ-சான், இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசாமல். நிஷிஓ-சான் அந்தக் கருவாட்டுக் கம்பெனியில் மீன் பிளக்கிறவள், காலை நாலு மணிக்கு வேலைக்குப் போய் ஒன்பதுக்கு ஓட வருவாள், கையில் வாடை இருக்கும், நேரம் மட்டும் தப்பாது. இளவரசிக்கு இரண்டு கால் நகம் கறுத்து விழுந்தது. ஜனவரியில் ஒரு நாள் எதிர்க்காற்றில் ஐந்து கிலோமீட்டர் இருபத்தி நாலு ஐம்பது வந்தது. வீட்டுக்கு வந்து சொன்னாள். சூப்பர் என்றான் போனைப் பார்த்துக்கொண்டே. அப்புறம் நிமிர்ந்து, இன்னிக்கு என்ன குழம்பு என்றான்.

சரி, வர வேண்டாம். பத்து ஐம்பத்தி ஐந்து ஆகிவிட்டது, அவள் போட்டு வைத்த கணக்கும் முடிந்தது. வரவே வேண்டாம். துப்பாக்கி வெடிக்கட்டும், மஞ்சளையே மாட்டிக்கொண்டு ஓடிவிடுகிறேன். நேரம் கணக்கில் சேரும், பெயர் வரும், அது போதும். இந்த எண்ணம் வந்ததும் அவளுக்கே கூச்சமாக இருந்தது, கூடவே ஒரு நிம்மதி, இரண்டும் ஒன்றாக. அதற்குள் கமியா-சான் முகம் வந்து நின்றது. அவர் ஒன்றும் சொல்ல மாட்டார். அதுதான் கொடுமை. முடிகிற இடத்தில் நின்றுகொண்டு, களைத்திருப்பீர்கள், ரொம்ப நன்றி என்று குனிவார், எல்லோரும் குனிவார்கள், ஒருவர் முகத்திலும் ஒன்றும் தெரியாது, அடுத்த வருடம் ஆரஞ்சுப் பழத்தோடு யாரும் வாசலுக்கு வர மாட்டார்கள். விருத்தாசலமாக இருந்தால் இந்நேரம் நாலு பேர் கூடி, எங்க உன் புருஷன், தூங்கிட்டானா என்று கத்தியிருப்பார்கள், பதிலுக்குக் கத்தலாம், முடிந்துவிடும். இங்கே குனிந்து குனிந்தே ஆளைக் கொன்றுவிடுவார்கள். மஞ்சள் சட்டைக்காரர் ஒரு அட்டைப் பெட்டியைத் திறந்து மஞ்சள் பட்டிகளை எடுத்து ஒவ்வொன்றாக உதறி மேஜை மேல் அடுக்க ஆரம்பித்தார். அவளைத் தவிர மிச்சம் இருந்தது ஏழு பேர். ஏழு பேரும் வேறெங்கோ பார்த்தார்கள்.

அப்போதுதான் ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டது. ஆற்றுப் பக்கமிருந்து, தேய்ந்து, காற்றில் அறுந்து அறுந்து. இந்த ஊர் ஆம்புலன்ஸ் கூவுவதோடு நில்லாமல், வழி விடுங்கள், நன்றி, இடது பக்கம் திரும்புகிறோம் என்று மரியாதையாகப் பேசிக்கொண்டே போகும். என்ன பேசுகிறது என்று இங்கே கேட்கவில்லை. யாராவது வயசானவர் வழுக்கி விழுந்திருப்பார். பாலத்துப் பக்கம் ஏதாவது விபத்தாக இருக்கும். ஞாயிற்றுக்கிழமைதானே. காலையில் அந்த மாத்திரையைப் போட்டானா. பி.பி. மாத்திரை, குளிர்சாதனப் பெட்டி மேல் இருக்கும், தினம் அவள் எடுத்துக் கையில் கொடுத்தால் போடுவான், இல்லாவிட்டால் அங்கேயே இருக்கும். இன்றைக்கு அவள் ஆறரைக்கே கிளம்பி வந்துவிட்டாள். சொல்லிவிட்டு வந்தாள்தான். சொன்னாளா. ஷூ லேஸைக் கட்டிக்கொண்டே சொன்ன ஞாபகம். அவன் சரி என்றானா, வேறு எதற்கோ சரி என்றானா. மாமனார் ஐம்பத்தியொரு வயதில் கடலூர் ஜங்ஷன் படிக்கட்டில் ஏறும்போது உட்கார்ந்தவர், உட்கார்ந்தபடியே போய்விட்டார், கையில் பையோடு. அவருக்கும் ஓட்டம்தான், ரயிலைப் பிடிக்க. ஒண்ணுமில்ல, கொஞ்சம் மூச்சு வாங்குது என்றாராம் பக்கத்திலிருந்தவரிடம். ஒண்ணுமில்ல. அந்தக் குடும்பத்துக்கே அந்த ஒரு வார்த்தைதான். காய்ச்சல் நூற்றிரண்டு இருக்கும், ஒண்ணுமில்ல. வேலை போகிற நிலைமை வரும், ஒண்ணுமில்ல. இவனுக்கு நாற்பத்தி ஏழு. கடவுளே, நடந்து வரட்டும். நாளைக்கு வரட்டும். மஞ்சளோ பச்சையோ எதையோ போட்டுத் தொலைக்கிறேன், ஆள் வந்தால் போதும். வரட்டும், வந்ததும் நாலு கேள்வி கேட்டு நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி செய்கிறேன் பார். போனை எடுத்து அவன் எண்ணைப் போட்டாள். அவள் கோட்டுப் பையிலேயே அடித்தது. ஓடுகிறபோது கனக்கும், நீ வெச்சுக்க என்று காலையில் கொடுத்திருந்தான். மறந்தே போயிருந்தது. ஓட்டத்தைக் கணக்கெடுக்கிற அந்தப் போன், ஓடாமல் அவள் பையில் உட்கார்ந்து அவளையே கூப்பிட்டுக்கொண்டிருந்தது.

நிஜூ நானா, இருபத்தி ஏழு என்றது ஒலிபெருக்கி. அவள் இல்லை. பத்து ஐம்பத்தி எட்டு. நரைத்த முடி, ஒல்லி உடம்பு, ஐம்பத்தைந்து வயதிருக்கும் ஒருவர் வளைவில் திரும்பி வந்தார். தோளில் ஊதா நிறத் தாசுகி, அதைக் கழற்றி அவருடைய ஆளிடம் கொடுத்தார், சாலையைப் பார்த்துக் குனிந்தார். பிறகு இடுப்பில் சொருகியிருந்த இன்னொன்றை உருவினார். ஆரஞ்சு. இளவரசி தன் கண்ணை நம்பவில்லை. மனிதர் இப்படியும் அப்படியும் பார்த்து, அங்கே இருந்த ஒரே வெளிநாட்டு முகத்தைக் கண்டுபிடித்து, நேராக வந்து, விசிட்டிங் கார்டு கொடுக்கிற மாதிரி இரண்டு கையாலும் நீட்டினார். மூச்சிரைப்புக்கு நடுவே, "உங்க வீட்டுக்காரர் கொடுத்தார். பாலத்துக்கிட்ட உட்கார்ந்திருக்கார். இதை மட்டும் அவகிட்ட சேத்துடுங்கன்னு ரொம்ப வேண்டிக் கேட்டார்" என்றார். "அவருக்கு என்ன ஆச்சு?" என்றாள். "டைஜோபு, டைஜோபு" என்றார் மனிதர். நலம், பரவாயில்லை, ஒன்றும் ஆகாது, வேண்டாம், போதும், எல்லாவற்றுக்கும் இந்த ஊரில் அந்த ஒரு வார்த்தைதான், அதை வைத்துக்கொண்டு ஒரு ஆள் உயிரோடு இருக்கிறானா இல்லையா என்றுகூடத் தெரிந்துகொள்ள முடியாது. "ஆம்புலன்ஸ் வந்துச்சே?" "ஆம்புலன்ஸா? எனக்குத் தெரியலையே. காலைப் பிடிச்சுக்கிட்டிருந்தார். சிரிச்சுக்கிட்டேதான் கொடுத்தார்." சிரித்துக்கொண்டேதான் கொடுத்திருப்பான். தாசுகி அவள் கையில் ஈரமாக இருந்தது, யாருடைய வியர்வை என்று தெரியவில்லை.

அட பாவி மனுஷா. உனக்கு எங்கே போனாலும் அது விருத்தாசலம் பஸ் ஸ்டாண்டுதானா. கல்யாணமான புதிதில் சென்னையில் வேலை பார்த்தபோது வாரா வாரம் ஏதாவது ஒரு பொட்டலத்தை முகம் தெரியாத யார் கையிலாவது கொடுத்துவிடுவான். அண்ணே, விருத்தாசலம்தானே போறீங்க, இறங்கினதும் பழக்கடைப் பக்கத்துல பச்சைப் புடவை கட்டி ஒரு பொண்ணு நிக்கும், அதுகிட்ட குடுத்துடுங்க. அவள் போய் நிற்பாள், எவனாவது ஒருத்தன் பொட்டலத்தோடு இறங்குவான். மல்லிகைப்பூ, ஒரு தடவை அல்வா, ஒரு தடவை ஓவியா வயிற்றில் இருந்தபோது டாக்டர் எழுதிக் கொடுத்த ஊசி மருந்து, ஐஸ் கட்டியோடு. ஊசி மருந்தை எவன் கையிலோ கொடுத்து அனுப்புவாங்களா என்று போனில் கத்தினாள். வந்துச்சா இல்லையா என்றான். வந்தது. எப்போதும் வந்தது. அதுதான் எரிச்சல், ஒரு தடவையாவது தொலைந்திருந்தால் புத்தி வந்திருக்கும். முடியாமல் போனால் சும்மா உட்கார்ந்திருக்கக் கூடாதா. வந்து சேர முடியவில்லை என்றால் முடியவில்லை, அதற்குத்தானே அந்த மேஜை மேல் மஞ்சளை அடுக்கி வைத்திருக்கிறார்கள்.

மஞ்சள் சட்டைக்காரர் அதற்குள் வந்துவிட்டார். வந்தார், தாசுகியைப் பார்த்தார், ஒல்லி மனிதரைப் பார்த்தார், இளவரசியைப் பார்த்தார், கையிலிருந்த விதிப் புத்தகத்தைப் புரட்டினார். முகத்தில் அப்படி ஒரு வருத்தம், துக்க வீட்டில் நிற்பவர் மாதிரி. மிகவும் சங்கடமான விஷயம், சொல்லவே கஷ்டமாக இருக்கிறது என்று ஆரம்பித்து, குனிந்து, மறுபடி ஆரம்பித்தார். தாசுகியை அந்தந்த அணியின் ஆள்தான் கொண்டுவர வேண்டும். வேறு அணிக்காரர் தூக்கி வந்தால் அந்த அணி போட்டியிலிருந்து விலக்கப்படும். இப்படி ஒரு விஷயம் இதுவரை நடந்ததில்லை, ஆனாலும் எழுதி வைத்திருக்கிறது. நீங்கள் ஓடலாம், ஆசை தீர ஓடலாம், கணக்கில் மட்டும் சேராது. "என்னோட நேரமும்?" "உங்களோட நேரமும்." "அவர் வராமலே இருந்திருந்தா?" மனிதர் இன்னொரு பக்கத்தைப் புரட்டினார். "வராமலே இருந்திருந்தா மஞ்சள் போட்டு ஓடியிருப்பீங்க. எல்லாம் கணக்கில் சேர்ந்திருக்கும்" என்று சொல்லிவிட்டு மறுபடி குனிந்தார். ஒல்லி மனிதரும் தன்னால்தான் இது ஆனது என்று புரிந்து குனிந்தார், குனிந்தபடியே நின்றார். அவர்மேல் என்ன தப்பு. கேட்டார்கள், செய்தார். வாங்காமல் அவன் விட்டிருக்க மாட்டான். எட்டு மாதம், கறுத்து விழுந்த நகம், கனுகி மலைப் படி, எல்லாம் போயிற்று. ஒன்றும் செய்யாமல் பாலத்தடியில் உட்கார்ந்திருந்தால் பிழைத்திருக்கும். உதவி செய்து கெடுத்துவிட்டான். இளவரசிக்கு அழுகை வந்தது, அங்கே அழ இடமில்லை என்பதால் தாசுகியை முறுக்கினாள். துப்பாக்கி வெடித்தது. மஞ்சள் போட்ட ஆறு பேரும் கடல் சுவரைப் பார்க்க ஓடினார்கள்.

போங்கள், எப்போது வேண்டுமானாலும் கிளம்பலாம் என்று மஞ்சள் சட்டைக்காரர் கையைக் காட்டினார். இனி நேரத்துக்கு என்ன அவசரம். அவள் போகவில்லை. வளைவைப் பார்த்துக்கொண்டு நின்றாள். காலைப் பிடித்துக்கொண்டிருந்தான் என்றாரே, காலைத்தானா, நெஞ்சு வலித்தால் முதலில் காலைப் பிடிப்பார்களா, மாமனாரும் உட்கார்ந்துதானே போனார், அந்த ஆம்புலன்ஸ் திரும்பிப் போன சத்தம் ஏன் கேட்கவில்லை. சாலையில் நடுவே வைத்திருந்த சிவப்புக் கூம்புகளை இரண்டு பேர் எடுத்து அடுக்கிக்கொண்டு வந்தார்கள். பதினொன்று இரண்டு. நாலு. ஒரு தடவை ஆற்றுப் பக்கமாக நாலு எட்டு வைத்தாள், அந்த வழியில் போகக் கூடாது என்று ஒரு பெண் பணிவாக மறித்தாள். கத்தலாம் என்று வாயைத் திறந்தாள். வளைவில் முதலில் தெரிந்தது ஒரு கார், மஞ்சள் விளக்கு சுற்ற, ஆள் நடக்கிற வேகத்தில் வந்தது, ஓட்டத்தின் கடைசி வண்டி. அதற்கு முன்னால் நெற்றிப் பட்டை கண்ணுக்கு இறங்கி, இடது காலை இழுத்து இழுத்து, தணிகைவேலு. காரிலிருந்து யாரோ தலையை நீட்டி ஏறிக்கொள்ளச் சொல்கிறார்கள், அவன் வேண்டாம் வேண்டாம் என்று கையாட்டுகிறான். உயிரோடிருக்கிறான். வேகமாகக்கூடக் கையாட்டுகிறான். அடுத்த விநாடியே அவளுக்கு அத்தனை கோபமும் சுருட்டிக்கொண்டு எழுந்து வந்தது. சொல்ல வேண்டியதெல்லாம் வரிசையாக நின்றது, அந்த வாசல், அந்த ஷூ, அந்தக் குழம்பு, எல்லாம். முதலில் எதை எடுப்பது என்பதுதான் பாக்கி.

இருபது அடி இருக்கும்போதே அவளைப் பார்த்துவிட்டான். பார்த்ததும் நின்றான். தன் காலைப் பற்றியோ நெஞ்சைப் பற்றியோ ஒன்றும் சொல்லவில்லை, மூச்சு வாங்கிக்கொண்டு, "வந்துச்சா?" என்றான்.

முறுக்கிய தாசுகி அவள் கைக்குள் சுருண்டு கிடந்தது. "பதினோரு மணிக்குள்ள வந்துச்சா? அந்த ஆள் நல்லா ஓடினாரு, பாத்துதான் குடுத்தேன். எனக்குக் கெண்டைக்கால் பிடிச்சுக்கிச்சு, எழுந்திருக்கவே முடியல. நீ எட்டு மாசமா ஓடினியே, என்னால நின்னுடக் கூடாதேன்னு..." என்றவன் அவள் முகத்தைப் பார்த்து நிறுத்தினான். "ஏன் நீ இன்னும் கிளம்பல? வரலையா?" மஞ்சள் சட்டைக்காரர் விதிப் புத்தகத்தை விரித்துப் பிடித்துக்கொண்டு, வருத்தமான முகத்தோடு ஒரு எட்டு முன்னால் வந்தார். இளவரசி கையை நீட்டி அவரை மறித்தாள். எதற்கு மறித்தாள் என்று அவளுக்கே தெரியாது. மத்தியானம் கமியா-சான் சொல்லிவிடுவார், இல்லாவிட்டால் நிஷிஓ-சான் சொல்வாள், எப்படியும் தெரியத்தான் போகிறது, தெரிந்ததும் ஒரு வாரம் சோறு இறங்காமல் உட்கார்ந்திருப்பான், அதையும் அவள்தான் பார்க்க வேண்டும். இப்போதே சொன்னால் என்ன. சொல் என்றது மனசு. நாக்கு வேறு ஒன்றைச் சொன்னது.

"வந்துச்சு. ரெண்டு நிமிஷம் முன்னாடியே வந்துச்சு."

"நான் சொல்லல?" என்றான் அவன். முகமெல்லாம் சிரிப்பு. நொண்டிக்கொண்டே மூன்று எட்டு வைத்துக் கோட்டைத் தாண்டி, ஓடி வந்த சாலையைத் திரும்பிப் பார்த்து, எல்லோரும் குனிவதை எங்கேயோ பார்த்து வைத்திருக்கிறான், நெற்றிப் பட்டை கழன்று விழ இடுப்பு வரை குனிந்தான். அறைந்துவிடலாம் போல இருந்தது. கட்டிப் பிடித்துக்கொள்ளலாம் போலவும் இருந்தது. இரண்டுக்கும் நேரமில்லை என்று அவள் தீர்மானித்தாள். கோட்டைக் கழற்றி அவன் கையில் திணித்து, "பைல உங்க போன் இருக்கு. மாத்திரை போட்டீங்களா?" என்றாள்.

"ஒண்ணுமில்ல, போய்ட்டு வந்து போட்டுக்கிறேன், நீ ஓடு" என்றான்.

பல்லைக் கடித்துக்கொண்டு தாசுகியைத் தோளில் மாட்டி இழுத்துக் கட்டினாள். யாரும் நேரம் எடுக்கவில்லை, ஒலிபெருக்கியை மூடிவிட்டார்கள், அவளும் கடிகாரத்தை அமுக்கவில்லை. சாலையைத் திறப்பதற்குள் போய்ச் சேர வேண்டும் என்று யாரோ பின்னாலிருந்து சொன்னார்கள். மாத்திரை போடாத மனுஷனை, அல்வாவையும் ஊசி மருந்தையும் கண்டவன் கையில் கொடுத்து அனுப்புகிற மனுஷனை, வாய்க்கு வந்தபடி சத்தமாகத் தமிழில் திட்டிக்கொண்டே, இளவரசி காற்றுக்கு எதிராக ஓடத் தொடங்கினாள்.